வலது கைப் பொட்டு

ஆயுத பூசை விடுமுறை முடிந்து பீன்யா தொழிற்பேட்டை திறக்கிற அன்று காலையில் தெருவெல்லாம் ஒரு வாசனை அடிக்கும். நசுங்கிய பூசணிக்காயும் வாடிய வாழைக்கன்றும் டீசல் புகையும் கலந்த வாசனை. உடைத்த பூசணியை ஓரமாகத் தள்ளிவிடலாமே என்று எந்தக் கம்பெனிக்கும் தோன்றாது. தன் திருஷ்டி கழிந்தால் சரி, பின்னால் வருகிறவன் ஸ்கூட்டரில் வழுக்கி விழுந்தால் அது அவன் பாடு. சொர்ணம் மெட்ரோவிலிருந்து இறங்கி அந்தச் சிதறல்களைத் தாண்டித் தாண்டி நடந்தாள். வலது கையை ஹேண்ட்பேக்கின் வாருக்குள் நுழைத்து வயிற்றோடு சேர்த்து வைத்திருந்தாள். அப்படி வைத்தால்தான் அது தன் போக்கில் ஆடாமல் இருக்கும்.

மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி செய்கிற ஒரு கம்பெனியில் அவளுக்கு டிஸ்பாட்ச் மேசை. லாரி வந்து நின்றால் யாருக்குச் சரக்கு, எத்தனை பெட்டி, எந்த வண்டி என்று கம்ப்யூட்டரில் ஏற்றி, கேட் பாஸ் அடித்துக் கொடுக்க வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் ஒரு திருகாணிகூட வாசலைத் தாண்டாது. கேட்பதற்குச் சின்ன வேலைதான். ஆனால் ஓசூர் டிரைவரும் ஹூப்ளி டிரைவரும் ஒரே நேரத்தில் ஜன்னலுக்குள் தலையை நீட்டி, ஒருவர் தமிழிலும் இன்னொருவர் கன்னடத்திலும் அவசரப்படுத்தும்போது இரண்டு கையும் போதாது. சொர்ணத்துக்குப் போதுமானதாக இருந்தது. அவள் பேசிக்கொண்டே தட்டுவாள், தட்டிக்கொண்டே திட்டுவாள், பாஸ் வெளியே வந்துவிடும்.

மழை தொடங்குவதற்கு முன்னால் ஒருநாள், தும்கூர் ரோடு மேம்பாலத்தின் கீழே ஒரு டெம்போ அவள் ஸ்கூட்டரை உரசிவிட்டுப் போனது. தோளில் நரம்பு இழுபட்டுவிட்டது. உயிர் பிழைத்ததே பெரிசு என்று அவள் குடியிருக்கும் ஸ்ரீராம்புரத்தில் சந்து முழுக்கச் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள், விரல்கள் இனி மடங்கப் போவதில்லை என்று தெரிகிற வரைக்கும். தோளும் முழங்கையும் கொஞ்சம் சொன்னபடி கேட்டன. மணிக்கட்டுக்குக் கீழே கை இருந்தது, அவ்வளவுதான்.

மேனேஜர் சீனிவாசராகவன் நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் மனசாரத் திட்டிவிட்டாவது போயிருக்கலாம். மழைக்காலம் முழுவதும் அந்த நாற்காலியில் தற்காலிக ஆளை உட்கார்த்தி வைத்து அவளுக்காகக் காத்திருந்தார். அவள் திரும்பி வந்து இடது கையால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டியபோது, வாசலில் லாரிகள் வரிசை கட்டின. ஹாரன் சத்தம் மேனேஜர் அறை வரை போயிற்று. கடைசியில் அவர் அவளைக் கூப்பிட்டு, கண்ணைப் பார்க்காமல், மேசை மேலிருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"பூஜை முடிஞ்சு திறக்கற அன்னிக்கு ஓசூர் வண்டிக்கு நீங்களே பாஸ் போடுங்க. டிரைவர் ஹாரன் அடிக்காம வெளில போனான்னா அந்த நாற்காலி உங்களுது. இல்லேன்னா, சொர்ணம், ஹெட் ஆபீஸுக்கு என்னால பதில் சொல்ல முடியாது."

இந்தச் சமயத்தில்தான் டெஸ்டிங் செக்‌ஷன் ஸ்ரீஹர்ஷா வந்து சேர்ந்தான். சாகரா என்கிற ஊரைச் சேர்ந்த கன்னடக்கார இன்ஜினியர். சொர்ணத்துக்கு அவன் உறவும் இல்லை, ஊரும் இல்லை. ஒருநாள் அவள் மேசைப் பக்கம் நின்று, அவள் தட்டுவதைப் பார்த்தான். பிறகு ஒரு சனிக்கிழமை எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கிற எஸ்.பி. ரோடுக்குப் போய், தீப்பெட்டி அகலத்தில் ஒரு நீல நிற மைக்ரோகன்ட்ரோலர் போர்டும், வீடியோ கேம் மெஷினில் இருக்குமே, அந்த மாதிரி உள்ளங்கை அகலத்துக்கு ஐந்து நிறத்தில் ஐந்து பொத்தான்களும் வாங்கி வந்தான். யாரும் அவனைக் கேட்கவில்லை. கேட்டுச் செய்கிறவர்களே குறைந்துபோன காலத்தில் கேட்காமல் செய்கிற ஒருவன் எங்கிருந்து வந்தான் என்று சொர்ணம் பல நாள் யோசித்தாள்.

விஷயம் எளிது. பொத்தான்களை வயரால் இணைத்த அந்த போர்டை யூஎஸ்பி கேபிளால் கம்ப்யூட்டரில் சொருகினால், கம்ப்யூட்டர் அதை இன்னொரு கீபோர்டு என்று நம்பிவிடும். பெரிய பொத்தானை ஒரு குத்து குத்தினால் போதும். போர்டுக்குள் ஏற்றி வைத்த புரோகிராம், பார்ட்டி பெயர், முகவரி, பொருள் என்று எல்லாவற்றையும் தானே தட்டிவிடும். குத்துவதற்கு விரல் வேண்டாம், கையின் கனம் போதும். சொர்ணத்தின் வலது கையில் மிச்சமிருந்தது அதுதான்.

பூசைக்கு முன்னால் ஹர்ஷா வெறும் சோதனை புரோகிராமைத்தான் ஏற்றியிருந்தான். எந்தப் பொத்தானைக் குத்தினாலும் திரையில் அவள் பெயர் ஆங்கிலத்தில் விழும். சொர்ணம் தோளிலிருந்து கையைத் தூக்கிப் போட்டாள். பெயர் விழுந்தது. இன்னொரு தடவை போட்டாள். மழைக்காலம் முழுவதும் ஒரு கையெழுத்துக்கூடப் போடாத கை அவள் பெயரை எழுதியது. நிறுத்தவே மனசு வரவில்லை, திரை முழுக்க சொர்ணம் சொர்ணம் என்று ஓடியது. போதும் அக்கா, கம்ப்யூட்டர் அழுதுவிடும் என்றான் ஹர்ஷா. அழுதது கம்ப்யூட்டர் இல்லை.

அன்று சாயங்காலமே பூசை. பீன்யாவில் ஆயுத பூசை என்றால் சாதாரணம் இல்லை. லேத் மெஷினுக்கு மாலை, கம்ப்ரெஸருக்கு மாலை, ஸ்டேப்ளருக்குப் பொட்டு, டேப் கட்டருக்குப் பொட்டு, பிரிண்டருக்கு, மின்விசிறி சுவிட்சுக்கு, கேண்டீன் மிக்சிக்கு என்று ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும் ஏறும். சும்மா நின்றால் மேனேஜருக்கும் வைத்துவிடுவார்கள். மேசை மேல் வாழை இலை போட்டு எல்லாவற்றையும் பரப்பினபோது, சொர்ணம் கேபிளைக் கழற்றி அந்த நீல போர்டையும் நடுவில் வைத்தாள். பக்கத்தில் இருந்தவள் அதற்கும் பொட்டு வைக்கக் கையை நீட்டினாள். சொர்ணம் விடவில்லை. இது என் ஆயுதம், நான் வைக்கிறேன் என்றாள்.

பொட்டை இடது கையால் வைக்கிற வழக்கம் உண்டா? எந்த வீட்டிலும் இல்லை. சொர்ணம் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து, கட்டைவிரலைச் சந்தனக் கிண்ணத்தில் முக்கினாள். போர்டின் ஓரத்தில் மேடாக, வெள்ளையாக, கடுகு அளவில் ஏதோ இருந்தது. நெற்றி மாதிரி தோன்றியது. அங்கே கொண்டுபோய் விரலை வைத்தாள். பட்டும் படாமலும் வைப்பதற்கு அந்தக் கைக்குத் தெரியாது. கையின் முழுக் கனமும் இறங்கி, சந்தனம் அடை தட்டின மாதிரி அப்பிக்கொண்டது. அதன் மேல் குங்குமம். கண்ணை மூடி, சாமிக்கு ஒரு நன்றியும் சாகராவிலிருந்து வந்தவனுக்கு ஒரு நன்றியும் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். பொரி வாங்கிக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

இப்போது விடுமுறை முடிந்து கம்பெனி திறந்துவிட்டது. உண்மையான புரோகிராமை ஹர்ஷா அவள் கம்ப்யூட்டரிலேயே எழுதி வைத்துவிட்டு, பூசைக்கு நிற்காமல் ஊருக்குப் போயிருந்தான். காலையில் வந்து தானே ஏற்றுவதாக ஏற்பாடு. ஆனால் அவன் ஏறின பஸ் அரசிகெரே பக்கத்தில் மூச்சு முட்டி நின்றுவிட்டது. ஓசூர் வண்டி பதினோரு மணிக்கு. ஹர்ஷா வந்து சேரச் சாயங்காலம் ஆகும்.

பயப்படாதீங்க அக்கா, போனிலேயே சொல்கிறேன், ஒரே ஒரு கிளிக்தான் என்றான். துணைக்கு அசெம்ப்ளி லைன் சூப்பர்வைசர் சாமுவேல் வந்து நின்றான். தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவன். தங்கச் சுரங்கத்தை மூடின பிறகு அந்த ஊரில் பாதிப் பேருக்கு ரயில்தான் வீடு என்று அவனே சொல்வான். சொர்ணம் கேபிளைச் சொருகினாள். போர்டில் பச்சை விளக்கு எரிந்தது. அப்லோட் என்ற இடத்தில் இடது கையால் ஒரு கிளிக். திரையில் சிவப்பு எழுத்துகள் வரிசையாக இறங்கின. போர்டையே காணோம் என்றது கம்ப்யூட்டர்.

"பச்சை லைட் எரியுதல்லா அக்கா? அப்போ உயிர் இருக்கு," என்றான் ஹர்ஷா. "கேபிளை மாத்திப் பாருங்க. கேபிள்ல ரெண்டு ஜாதி. ஒண்ணு கரண்ட் மட்டும் குடுக்கும். இன்னொண்ணு பேசவும் செய்யும். நம்மது பேசாத ஜாதியா இருக்கலாம்."

சாமுவேல் கேபிள் வேட்டைக்குக் கிளம்பினான். செக்யூரிட்டியின் போன் கேபிள், கேண்டீன் அம்மாவின் கேபிள், அக்கவுண்ட்ஸில் அனன்யா உயிர் போல வைத்திருந்த வெள்ளைக் கேபிள், எல்லாம் மேசைக்கு வந்து குவிந்தன. அந்தத் தளத்தில் ஒரு போனும் சார்ஜ் ஆகவில்லை. ஒவ்வொன்றாகச் சொருகினார்கள். ஒவ்வொன்றுக்கும் பச்சை விளக்கு எரிந்தது. ஒவ்வொன்றுக்கும் போர்டைக் காணோம் என்றே பதில் வந்தது. சாமி வரம் கொடுத்தும் பூசாரி இடம் கொடுக்காத கதைதான்.

முன்பக்கத்து ஓட்டையில் வேண்டாம், பின்பக்கத்தில் சொருகுங்கள் என்றான் ஹர்ஷா. சொருகினார்கள். கம்ப்யூட்டரை அணைத்துப் போடச் சொன்னான். போட்டார்கள். அனன்யாவின் கம்ப்யூட்டருக்கே போர்டைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கேயும் அதே சிவப்பு எழுத்து. நடுவில் சிக்னல் போய்ப் போய் வந்தது. ஜன்னலுக்கு வெளியே ஓசூர் லாரி வந்து, பின்பக்கமாக நகர்ந்து, பெட்டிகளை ஏற்றிக்கொள்ள நின்றது. டிரைவர் இறங்கி டீக்கடைக்குப் போனார். அந்த டீ ஆறுகிற வரைக்கும்தான் அவளுக்கு நேரம்.

அவளுக்குச் சம்பளத்தைவிட அந்த நாற்காலி பெரிது. வீட்டில் எல்லோரும் அவளிடம் இப்போது மெதுவாகப் பேசுகிறார்கள். தண்ணீர் எடுக்கப் போனால் வேறு யாரோ எழுந்து எடுத்துக் கொடுக்கிறார்கள். இந்த ஜன்னலில் மட்டும்தான் ஒரு டிரைவர் தலையை நீட்டி, மேடம் சீக்கிரம் என்று அதட்டுவார். அந்த அதட்டல் இல்லாத வாழ்க்கையை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

போனில் ஹர்ஷாவின் குரல் இறங்கிப்போய் வந்தது.

"அக்கா, தப்பு என்னுதுதான்னு நினைக்கறேன். ஊருக்குப் போற அவசரத்துல சோதனை புரோகிராமைக் கடைசியா ஒரு தடவை மாத்தி ஏத்தினேன். புரோகிராம் கோணலா இருந்தா, போர்டு கம்ப்யூட்டரோட பேசறதையே நிறுத்திடும். உங்க வேலையில நான் வெளையாடிட்டேன். ஸாரி அக்கா."

அதைக் கேட்டபோது சொர்ணத்துக்குத் தன் வேலை போவதைவிட அது அதிகமாக வலித்தது. கேட்காமல் செய்தவன் இப்போது மன்னிப்புக் கேட்கிறான். அதெல்லாம் ஒன்றும் இல்லை, விடு என்றாள்.

கடைசியாக ஒரு வழி இருக்கிறது என்றான் ஹர்ஷா. போர்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு வெள்ளைப் பொத்தான் இருக்கும், அதற்குப் பெயர் ரீசெட், அதை டிக் டிக் என்று இரண்டு தரம் வேகமாக அமுக்கினால் தூங்குகிற போர்டும் எழுந்துகொள்ளும் என்றான். சாமுவேல் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு போர்டின் மேல் குனிந்தான்.

"வெள்ள பட்டன் எதுவும் இல்லியே ஹர்ஷா. செவப்பு பட்டன் ஒண்ணுதான் கீது."

"செவப்பா? அதுல செவப்பு பட்டனே கிடையாதே."

"கண்ணெதுர கீதுபா. நல்லா உருண்டையா, சுத்தி மஞ்சளா."

"நான் வாங்கின போர்டுல அது இல்ல, சாமுவேல். வேற எதையோ பார்க்கறீங்க."

சாமுவேலையும் குற்றம் சொல்ல முடியாது. அந்த அறையில் அன்று பொட்டு இல்லாத பொருள் எதுவும் இல்லை. எதிரே மானிட்டருக்குப் பொட்டு, பக்கத்தில் மவுசுக்குப் பொட்டு, பின்னால் பீரோவுக்குப் பொட்டு. காலையிலிருந்து பார்த்துப் பார்த்துக் கண்ணுக்கு அது பழகிப்போயிருந்தது. எல்லாவற்றிலும் இருப்பது எதிலும் தெரிவதில்லை. இரண்டு பேரும் போனில் வழக்காடிக்கொண்டிருக்க, சொர்ணம் எட்டிப் பார்த்தாள். அடையாக அப்பிக் காய்ந்து, நடுவில் குங்குமம் கறுத்து, அவளுடைய கட்டைவிரல் ரேகையோடு உட்கார்ந்திருந்தது அவள் வைத்த பொட்டு.

பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதை அவள் கையாலேயே செய்திருந்தாள். முகம் சுண்டிப்போயிற்று. பேசாமல் முந்தானையால் துடைத்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. அந்த எண்ணம் வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அங்கே ரோட்டோரத்தில் நின்ற பஸ்சுக்குள் ஒருவன் செய்யாத தப்பைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஹர்ஷா," என்றாள். "உன் தப்பு இல்லப்பா. பூசையில நான் அதுக்குப் பொட்டு வெச்சேன். இந்தக் கையால வெச்சேன். அந்தப் பட்டன் மேலயே வெச்சு அமுத்திட்டேன்."

போனில் ஹர்ஷா சிரித்தான். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் என்ன என்று கன்னடத்தில் கேட்பதும், இவன் சொல்ல முடியாமல் திணறுவதும், பிறகு அவரும் சிரிப்பதும் கேட்டது.

"அப்போ லீவு முழுக்க சாமி ரீசெட்டை அமுக்கிப் பிடிச்சிட்டிருக்கார் அக்கா. அது அமுங்கியே இருந்தா போர்டு எழுந்திருக்கவே எழுந்திருக்காது. லைட் மட்டும் எரியும். நல்லதாச்சு. போர்டு நல்லா இருக்கு. நீங்க தொடச்சா போதும்."

நல்லதாச்சு என்றான். திட்டவில்லை, அடடா என்றுகூடச் சொல்லவில்லை. சாமுவேல் ஓடிப்போய் அசெம்ப்ளி லைனில் போர்டு துடைக்கிற ஸ்பிரிட்டும் பிரஷ்ஷும் துணியும் கொண்டுவந்தான். அவனே துடைக்கப் போனான். அவள் வாங்கிக்கொண்டாள். கேபிளைக் கழற்றி, போர்டை மேசையில் வைத்து, நகராமல் இருக்க வலது கையை அதன் மேல் கனமாகக் கிடத்தி, இடது கையால் தேய்த்தாள். குங்குமம் கரைந்து துணியில் இறங்கியது. சந்தனம் பொரிந்து உதிர்ந்தது. அடியிலிருந்து கடுகு அளவில் ஒரு வெள்ளைப் பொத்தான் வெளியே வந்தது. நகத்தால் அமுக்கினாள்.

டிக்.

ஸ்பிரிட் காய்கிற வரைக்கும் சாமுவேல் ஊதினான், அது தேவையே இல்லை, ஆனாலும் ஊதினான். கேபிளைச் சொருகியதும் கம்ப்யூட்டர் டிங் என்று ஒரு சத்தம் கொடுத்தது. காலையிலிருந்து அத்தனை கேபிளுக்கும் கொடுக்காத சத்தம். அப்லோட். போர்டில் சின்ன விளக்குகள் படபடவென்று துடித்தன. சிவப்பு எழுத்து வரவில்லை. முடிந்தது என்று ஒரே வரி வந்து நின்றது.

சீனிவாசராகவன் சரியாக அப்போதுதான் வந்தார். மேசை மேல் மலையாகக் கிடந்த கேபிள்களைப் பார்த்தார். டிரைவர் டீயை முடித்துவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தார். மேனேஜர் ஜன்னலோரம் போய், ஹாரன் எந்தப் பக்கமிருந்து வரும் என்று பார்க்கிறவர் போல நின்றுகொண்டார்.

சொர்ணம் கையைத் தூக்கிப் போட்டாள். மஞ்சள் பொத்தான், புதுப் பாஸ் திறந்தது. பச்சை, ஓசூர் பார்ட்டியின் பெயரும் முகவரியும் ஓடி வந்து உட்கார்ந்தன. நீலம், பொருள் விவரம். வண்டி நம்பரையும் பெட்டி எண்ணிக்கையையும் மட்டும் இடது கையால் தட்டினாள். வெள்ளை, பதிவானது. சிவப்பு, பிரிண்டர் இருமிவிட்டுத் தாளைத் தள்ளியது. டிரைவர் வண்டியிலிருந்து இறங்கி வந்து ஜன்னலில் தலையை நீட்டி, மேடம் சீக்கிரம் என்று அதட்ட வாயைத் திறந்தார். தாள் அவர் முகத்துக்கு நேராக நீண்டிருந்தது.

மேனேஜர் குறுக்கே கையை நீட்டி அதை வாங்கிப் படித்தார். கையெழுத்துப் போட்டு டிரைவரிடம் கொடுத்தார். லாரி ஹாரன் அடிக்காமல் வாசலைத் தாண்டியது.

"அடுத்த வண்டி ஹூப்ளிதானே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தன் அறைக்குப் போனார். கதவருகில் நின்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததைச் சாமுவேல் மட்டும் பார்த்தான். பிறகு அவன் கேபிள்களை அள்ளிக்கொண்டு, உடையவர்களிடம் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினான். அதில் எது யாருடையது என்று தீர்ப்பதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது, அது வேறு கதை.

இரண்டு நாள் கழித்து ஹர்ஷா ஒரு பிளாஸ்டிக் மூடியோடு வந்தான். கம்பெனியில் புதிதாக வாங்கியிருந்த த்ரீ-டி பிரிண்டரில் அவனே செய்தது. இனிமேல் போர்டின் மேல் எதுவும் படாது என்று சொல்லி அதைப் பொருத்தினான். மூடியின் நடுவில் வட்டமாக, நாணயம் அளவுக்கு, ஒரு பள்ளம் இருந்தது. இது எதற்கு என்று கேட்டாள்.

"அடுத்த பூஜைக்கு அக்கா. இங்க வைங்க, எவ்வளவு வேணும்னாலும் அமுத்துங்க. ரைட் கையாலயே."

சொர்ணம் அந்தப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நன்றி என்ற சொல் அவள் வாழ்க்கையில் பேங்க்கிலும் மெட்ரோ ஒலிபெருக்கியிலும் கேட்டதுதான், வீட்டில் யாரும் யாருக்கும் அதைச் சொல்லிப் பழக்கமில்லை. மேசை டிராயரைத் திறந்தாள். பூசையில் மிஞ்சின குங்குமப் பொட்டலம் இருந்தது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து, கட்டைவிரலை அதில் ஒற்றினாள்.

"அதுக்கு இன்னும் ஒரு வருசம் கீது," என்றாள். "நீ குனி."

அவன் குனிந்தான். கை முழுக் கனத்தோடு அவன் நெற்றியில் இறங்கியது. கோணலாக, புருவத்தையும் சேர்த்து ஒரு பெரிய பொட்டு விழுந்தது. அன்று சாயங்காலம் வரை டெஸ்டிங் செக்‌ஷனில் எல்லோரும் கேலி செய்தார்கள். ஹர்ஷா அதை அழிக்கவில்லை.